குமரி ஈரக்காற்றில் நீண்ட தூரம் ஓட என்ன உடுத்துவது

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். 1964 டோக்கியோவில் ஷூவும் சாக்ஸும் போட்டு ஓடி மறுபடியும் ஜெயித்தார். ஆகவே "ஓடுறவங்க இதைத்தான் போடணும்" என்று யார் சொன்னாலும் மலைக்க வேண்டாம். நம் ஊருக்கும் உடம்புக்கும் எது ஒத்துவருகிறது என்று பார்த்தால் போதும்.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி சுமார் 20 கி.மீ. இந்தக் காற்றில் வியர்வை லேசில் காயாது. பருத்தி இழை தண்ணீரைக் குடித்துவிடும். பாலியஸ்டர் இழை குடிக்காது, ஈரம் துணிமேல் பரவிக் காயும். சந்தேகமிருந்தால் இரண்டு பனியனையும் நனைத்துப் பிழிந்து எடை பாருங்கள். கொடியில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். பருத்தி அப்போதும் கனக்கும்.

120 முதல் 140 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) துணியாக வாங்குங்கள். உட்புறத்தைத் திருப்பி, தையல் வழியே விரலை ஓட்டுங்கள். விரலுக்கு உறுத்தினால் அக்குளை நிச்சயம் அறுக்கும். கழுத்து லேபிளைக் கத்தரிக்காதீர்கள், மிச்ச முனை குத்தும். பிளேடால் தையலைப் பிரித்து எடுங்கள்.

ஆண்களுக்கு மார்க்காம்பு உரசி ரத்தம் வருவது சாதாரணம். உலர்ந்த தோலில் முதலில் பிளாஸ்டர், அதன்பிறகே அக்குளுக்கும் உள்தொடைக்கும் வாசலின். வரிசை மாறினால் பிளாஸ்டர் ஒட்டாது. தேங்காயெண்ணெய் சூட்டில் வழிந்துவிடும்.

பெண்கள் ஓடுவதற்கென்றே தைத்த பிரா 1977-ல்தான் அமெரிக்காவில் பிறந்தது, ஆண்களின் விளையாட்டு உள்ளாடை இரண்டை ஒட்டித் தைத்து. வாங்கும்போது மார்புப் பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். கடையிலேயே பத்து தடவை குதித்துப் பாருங்கள். தோள்பட்டை வார் அழுத்தினால் பெரும்பாலும் கீழ்ப்பட்டை தளர்வு. முழு லெகிங்ஸும், தொடைவரை இறங்கும் பக்கம் வெட்டிய டிஷர்ட்டும் இப்போது நம் சாலைகளில் சகஜம். ஓடவும் அது வசதிதான்.

ஓட்டத்தோடு சைக்கிளும் மிதிப்பவர்கள் பேட் வைத்த ஷார்ட்ஸ் போட்டால் உள்ளே ஜட்டி கூடாது. அதன் தையல்தான் புண்ணாக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தொளதொள சட்டை காற்றில் படபடத்துப் பின்னால் இழுக்கும், உடம்போடு ஒட்டிய ஜெர்சியே நல்லது. துப்பட்டா செயினில் மாட்டும், வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

முடித்த கையோடு உடை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தொடையிடுக்கில் படர்தாமரை வரலாம். துவைக்கும்போது கண்டிஷனர் வேண்டாம், இழை ஈரம் கடத்தாது. மழைக்காலத்தில் இரண்டு செட் வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள்.