ஓட்டத்தில் எகிறிய இதயத் துடிப்பு எண்

மெதுவோட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கைக்கடிகாரம் இதயத் துடிப்பு 170 என்று காட்டியது. மூச்சு வாங்காமல் பேச முடிந்ததால் அந்த எண்ணை நான் நம்பவில்லை. உடனே நின்று, கழுத்து நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியபோது 132தான் வந்தது. பச்சை ஒளியைத் தோலில் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் இவ்வகைக் கடிகாரங்கள், பட்டை தளர்ந்திருந்தால், ஓட்டத்தின் தாளத்தையே துடிப்பாகக் கணக்கிட்டுவிடுவதுண்டு; என் காலடிகளும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 170 என்று தெரிந்ததும் ஐயம் தீர்ந்தது. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே பட்டையை இறுக்கிக் கட்டியதில் பெருமளவு சரியானது; இதயத்தின் மின்துடிப்பை உணரும் மார்புப் பட்டை மீதியையும் தீர்த்தது. கடும் வெயிலில் எண் இப்போதும் ஏறுகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் செல்வதால் அது உண்மையான ஏற்றமே என்பதால், அப்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ சேர்ந்து வந்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.