சென்னைக்குக் குடிபோகும் குமரிக்காரர்களுக்கு: வாடகைக்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள்

சென்னையில் வேலை கிடைத்ததும் நம் ஊர்க்காரர் முதலில் விசாரிப்பது வாடகையை. அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் ரயில் பாதையும்தான் முதல் இரண்டு.

வீட்டில் கிணறு, இறைத்தால் இனிக்கும் தண்ணீர் என்று வளர்ந்தவர்களுக்குச் சென்னை போர்வெல் பெரிய அதிர்ச்சி. வீடு பார்க்கப் போகும்போது ஹாலையும் பால்கனியையும் விட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போங்கள். குழாயின் வாயிலும் ஷவரிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர். ஒரு துண்டு சோப்பைக் கையில் கொண்டுபோய்த் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் திரிந்தால் துணியும் தலைமுடியும் ஒரே மாதத்தில் பாழ். பிறகு மூன்று கேள்விகள்: மெட்ரோ வாட்டர் (மாநகரக் குழாய்த் தண்ணீர்) வருகிறதா, கோடையில் சம்ப்புக்கு (தரைக்கு அடியில் உள்ள தொட்டிக்கு) லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அந்தக் காசு யார் தலையில்? குடிக்க எப்படியும் 20 லிட்டர் கேன்தான். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை என்றால் கேன்காரர் மேலே ஏறுவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வெள்ளத்தை வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பயனில்லை; தெருமுனை டீக்கடையில் கேளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கையால் காட்டியே சொல்வார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் என்றால் தரைத்தளம் வேண்டாம்.

அட்வான்ஸ் விஷயத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017 வாடகைச் சட்டம். அந்த 'வேறு உடன்பாடு' என்ற சந்தில்தான் அதற்கு மேலும் கேட்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். கரண்டுக்குத் தனி மீட்டரா, உரிமையாளரின் இணைப்பிலிருந்து பிரித்த சப் மீட்டரா என்று பாருங்கள். சப் மீட்டர் என்றால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை உங்கள் கைக்கு வராமல் போகலாம். குடியேறும் அன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்துவையுங்கள்.

இனி போக்குவரத்து. நாகர்கோவிலில் இருந்து வரும் அரசு விரைவுப் பேருந்து கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மாநகரப் பேருந்து மாற வேண்டும். ரயிலில் வந்தால், பல்லாவரம், குரோம்பேட்டை, கிண்டி போகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி லோக்கல் பிடிக்கலாம். கடற்கரை–தாம்பரம் பாதையில் ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால் ஆயிரம் ரூபாய் வாடகை கூடினாலும் நஷ்டமில்லை. லோக்கலில் புதிதாக வருகிறவர்கள் மாட்டுவது ஒரே இடத்தில்: கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிடுவார்கள். சாதா டிக்கெட்டோடு பிடிபட்டால் அபராதம் மட்டும் குறைந்தது 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி.

பஸ்ஸில் நம்பரை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். நம்பருக்குப் பின்னால் 'கட்' என்று இருந்தால் அது முழுத்தூரம் போகாமல் பாதியில் திரும்பும் வண்டி. பெண்களுக்கு நம் ஊர் டவுன் பஸ் போலவே சாதாரணப் பேருந்தில் இலவசம். சொகுசுப் பேருந்தில் டிக்கெட் உண்டு. ஒரு நாளைக்கு நாலு பஸ் மாறுகிறவர்களுக்கு 1,000 ரூபாய் மாதப் பாஸ் லாபம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சம்பா அரிசியும் புட்டுமாவும் கேரளக் கடைகளில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயை மட்டும் ஊரில் ஆட்டியதையே கொண்டுவாருங்கள்.

ஊருக்குத் திரும்ப ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 13 இரவு வண்டி வேண்டுமென்றால் நவம்பர் 14 காலையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் குழித்துறையில் நிற்கும் அனந்தபுரி, குருவாயூர் வண்டிகளைப் பாருங்கள். எதுவும் கிடைக்கவில்லையா, நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கு எடுங்கள். காலையில் இறங்கி, வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வடசேரி.