ஒரே டெம்ப்ளேட், எட்டு ஹோம்ஸ்டே: டைரக்டரியில் அடிபடாமல் பதிவது எப்படி?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வெப்சைட் செய்து கொடுப்பவர்களிடம் ஒரே மாதிரி கிளையண்ட்கள்தான் சேர்வார்கள். எட்டு ஹோம்ஸ்டே, மூன்று டீத்தூள் கடை, இரண்டு ஹோம்மேட் சாக்லேட் கடை. ஹோம்ஸ்டே எட்டுக்கும் ஒரே டெம்ப்ளேட், அதில் தப்பில்லை. எட்டையும் மொத்தமாக ஒரு டைரக்டரியில், அதாவது கூகுள் பிசினஸ் புரொஃபைல் மாதிரி தொழில்களைப் பட்டியல் போடும் தளத்தில், போடும்போதுதான் சிக்கல். சில ஏறும், சில ‘டூப்ளிகேட்’ என்று திரும்பும், சில பதிலே இல்லாமல் கிடக்கும்.

சரிபார்ப்பவர் டிசைனைப் பார்ப்பதில்லை. எட்டும் தனித்தனித் தொழிலா, ஒரே ஆள் எட்டுப் பெயரில் வருகிறாரா என்றுதான் பார்க்கிறார். 2017 மார்ச்சில் மூடப்பட்ட டிமாஸ் (DMOZ) என்ற பழைய இணையதள டைரக்டரியே ஒரே சரக்கை வேறு முகவரியில் காட்டும் தளங்களைச் சேர்க்காது. அந்தப் புத்தி இன்றைய டைரக்டரிகளுக்கும் உண்டு.

எனவே முதலில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். ஒரே ஓனர் ‘ஊட்டி ஸ்டே’, ‘குன்னூர் ஸ்டே’, ‘கோத்தகிரி ஸ்டே’ என்று மூன்று தளம் கேட்டு, மூன்றிலும் புக்கிங் ஒரே வீட்டுக்குப் போகிறதென்றால், ஒன்றை மட்டும் பதியுங்கள். ஒரே இடத்துக்குக் கொண்டுவிடும் பல வாசல்கள் என்பதால் கூகுள் இதை ‘டோர்வே’ என்று ஸ்பாம் கணக்கில்தான் வைக்கிறது. ஒரே காம்பவுண்டில் ஒரே நிர்வாகத்தில் மூன்று காட்டேஜ் இருந்தாலும் ஒரு லிஸ்டிங்தான். கீழே சாக்லேட் கடை, மேலே தங்கும் அறை, இரண்டுக்கும் தனிப் பெயர், தனி போர்டு என்றால் இரண்டு லிஸ்டிங் நியாயம். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வெறும் வீடு கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குத் தகுதி பெறாது. இதைக் காசு வாங்குவதற்கு முன்பே கிளையண்டிடம் சொல்லிவிடுவது நல்லது.

மிச்சம் இருப்பவற்றுக்கு ஒரு ஷீட் போடுங்கள். கிளையண்டுக்கு ஒரு வரி. போர்டில் உள்ளபடியே பெயர், தமிழில் பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, போன், வெப் முகவரி, முதன்மை வகை, திறக்கும் நேரம், லாகின் மெயில், பதிந்த தேதி, லிஸ்டிங் லிங்க். படிவத்தை நிரப்பும்போது நினைவிலிருந்து எதையும் தட்டாதீர்கள்; இந்த ஷீட்டிலிருந்து காப்பி எடுத்தே ஒட்டுங்கள். எழுத்துக்கூட்டல்தான் மலையில் பெரிய தொல்லை. உதகமண்டலம், உதகை, ஊட்டி என்று தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் இன்னும் கூடும். ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே பிடியுங்கள். குன்னூர் 643101, வெலிங்டன் 643231, அருவங்காடு 643202, கோத்தகிரி 643217. வெலிங்டன் வீட்டுக்குப் ‘பிரபலமான ஊர்’ என்று குன்னூர் பின்கோடு போட்டால், ஒரே தெருவில் இரண்டு கிளையண்ட் மாட்டிக்கொள்ளும்.

போன் எண் கிளையண்டுடையதாகவே இருக்கட்டும். எட்டு லிஸ்டிங்கிலும் உங்கள் எண்ணைக் கொடுத்தால் எட்டும் ஒரே தொழில் என்று டைரக்டரி முடிவு கட்டி ஒன்றாக இணைத்துவிடக்கூடும். அப்புறம் ஒருவருடைய ரிவ்யூ இன்னொருவர் பக்கத்தில் போய் நிற்கும். லேண்ட்லைன் கொடுப்பதாக இருந்தால் குன்னூருக்கு 0423, கோத்தகிரிக்கு 04266. இது அடிக்கடி மாறிப்போகும்.

பெயரில் சரக்கு ஏற்ற வேண்டாம். போர்டில் இருக்கும் பெயருக்குப் பின்னால் ‘பெஸ்ட் பட்ஜெட் டீ எஸ்டேட் வியூ காட்டேஜ் குன்னூர்’ என்று இழுத்தால், கூகுளில் புரொஃபைல் முடக்கப்படக்கூடும்.

விவரிப்புதான் நேரம் எடுக்கும் வேலை. “மலைகளின் அரசியின் மடியில், இயற்கை எழில் கொஞ்சும்...” என்று தொடங்காத நீலகிரி தளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எட்டுக்கும் இதையே போட்டு, நாலு வார்த்தையை மட்டும் மாற்றினால் பயனில்லை. வார்த்தை மாறினால் போதாது, தகவல் மாற வேண்டும். கிளையண்டிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்: எத்தனை அறை? பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், கடைசியில் கார் போகுமா? வெந்நீர் எப்படி? சாப்பாடு யார் சமைக்கிறார்கள்? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? வரும் பதிலை அப்படியே கோர்த்தால் இப்படி அமையும்: “மூன்று அறை. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து 4 கி.மீ.; கடைசி 300 மீட்டர் மண் பாதை, ஜீப் ஏறும், சின்ன கார் ஏறாது. வெந்நீர் காலை 6 முதல் 9 வரை. முந்தின நாள் சொன்னால் படுகர் வீட்டுச் சமையல்.” பக்கத்து வீட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

கூகுளில் விவரிப்புக்கு 750 எழுத்து வரை இடம்; அதில் லிங்க் போடக் கூடாது. தமிழில் எழுதும்போது கணக்கு வேறு. கணினி புள்ளியையும் கொம்பையும் காலையும் தனியாக எண்ணும். ‘கோத்தகிரி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, படிவத்துக்கு ஒன்பது. ஆகவே நம் கண் கணக்கில் 400 எழுத்துக்குள் முடியும்படி எழுதினால் கடைசி வரி வெட்டுப்படாது.

சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு தளத்தையும் திறந்து, முந்தைய கிளையண்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பிரைவசி பாலிசி, ஃபுட்டர், பக்கத் தலைப்பு, தொடர்புப் பக்கத்து மேப், வாட்ஸ்அப் பட்டன் என்று இந்த ஐந்து இடத்தில்தான் பழைய பெயர் ஒளிந்திருக்கும். சாக்லேட், டீத்தூள் விற்பவர்களென்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேப் பின் மலையில் தனி வித்தை. வீட்டுக் கூரை மேல் பின் வைத்தால், கூகுள் நேர்க்கோட்டில் பக்கத்தில் இருக்கும் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். அது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே உள்ள ரோடாக இருக்கும். வண்டிக்காரர் டீ தோட்டத்துக்கு அடியில் நின்று, தலைக்கு மேல் தெரியும் வீட்டுக்கு எப்படிப் போவது என்று போன் அடிப்பார். பின்னை வண்டி நுழையும் கேட்டில் வையுங்கள். பிறகு பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி கேட்டு, கோடு அந்த கேட்டில் முடிகிறதா என்று பாருங்கள்.

கூகுள் வீடியோ சரிபார்ப்பு கேட்டால் கிளையண்டின் போனிலேயே, வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். ரோட்டில் தொடங்கி, பக்கத்துக் கடை அல்லது ஊர்ப் பலகை, பெயர் போர்டு, கேட், கடைசியாக ஓனர் சாவி போட்டு ஆபீஸ் அறையைத் திறப்பது வரை. 30 விநாடிக்குக் குறையக் கூடாது. மற்றவர் முகமும் பேங்க் விவரமும் விழ வேண்டாம். பனி மூட்டத்தில் போர்டு வெறும் வெள்ளைத் துணி மாதிரி பதிவாகும். வெயில் ஏறிய பிறகு எடுங்கள், சிக்னலையும் முதலில் பாருங்கள்.

கூகுளின் மொத்தச் சரிபார்ப்பு ஒரே நிறுவனத்தின் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளுக்குத்தான். வெவ்வேறு கிளையண்ட்களை அதில் சேர்க்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு என்று பிரித்துப் போடுங்கள். கூகுளில் ஏறிய பிறகு மைக்ரோசாஃப்டின் டைரக்டரியான பிங் பிளேசஸுக்கு அங்கிருந்தே இறக்குமதி செய்துகொள்ளலாம். எந்த டைரக்டரியிலும் பதிவதற்கு முன் போன் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். யாரோ ஏற்கெனவே சேர்த்திருந்தால் புதிதாகப் போடாமல் அதையே உரிமை கோருங்கள். திரும்பி வந்ததை மாற்றாமல் மறுபடி அனுப்பினால் அதுவே டூப்ளிகேட் ஆகிவிடும்.

புரொஃபைலின் ஓனர் கிளையண்டின் ஜிமெயில்; நீங்கள் மேனேஜர் மட்டும். அவசரத்தில் உங்கள் மெயிலில் தொடங்கிவிட்டால், கிளையண்டை ஓனராகச் சேர்த்து 7 நாள் ஆன பிறகுதான் முதன்மை உரிமையை மாற்ற முடியும். சீசன் தொடங்குமுன் கணக்கை ஒப்படைப்பதாகப் பேசியிருந்தால் ஏப்ரல் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.