தொட்டியில் ஆர்க்கிட் வளர்க்க, மண்ணை மறந்துவிட்டு ஆரம்பியுங்கள்

சென்னை மாதிரி ஊரில், அடுக்குமாடி பால்கனியில் முதன்முதலாக ஆர்க்கிட் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் டென்ட்ரோபியம் வாங்குங்கள். நர்சரியில் அகல இலையோடு கண்ணைப் பறிக்கும் ஃபலனாப்சிஸ் அழகுதான், ஆனால் நம் சித்திரை வெயிலில் ரொம்பப் படுத்தும். டென்ட்ரோபியம் வெக்கைக்கு அவ்வளவாக அஞ்சாது. வாங்கும்போது பூவில் மயங்காமல் வேரைப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளையாக, நுனி பச்சையாக இருந்தால் சரி. பழுப்பாகி, அமுக்கினால் கொழகொழ என்றிருந்தால் வேறு செடி பாருங்கள்.

வந்த உடனே தொட்டி மாற்ற வேண்டாம். பூ முடிந்து, புதுத் தளிரின் அடியில் வேர் எட்டிப் பார்க்கும்போது மாற்றலாம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட 5 அங்குல மண்தொட்டி போதும், பெரிய தொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகவிடும். உள்ளே மரக்கரித் துண்டு (இஸ்திரி வண்டிக்காரர் வாங்கும் அதே கரி), உடைந்த ஓட்டுச்சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு. மண் ஒரு பிடிகூட வேண்டாம். காட்டில் இது மரக்கிளையில் ஒட்டி வாழ்கிற செடி. வேரைச் சுற்றியுள்ள தோல் ஸ்பாஞ்ச் மாதிரி சட்டென்று நீரை இழுத்துக்கொள்ளும், அப்புறம் அதற்குக் காற்றுதான் வேண்டும். அடித்தண்டைப் புதைக்காமல் மேலாக வைத்து ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், செடி ஆடிக்கொண்டே இருந்தால் வேர் பிடிக்காது.

இனி தண்ணீர். பெரும்பாலான ஆர்க்கிட் நம் பாசத்தில்தான் சாகிறது. கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், வேரைப் பார்த்து ஊற்றுங்கள். சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, விட்டுவிடுங்கள். ஊற்றுவதென்றால் காலையில், அடியில் வழிந்து ஓடும்வரை. தொட்டிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. கோடையில் கரித்தொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்கு அடியில், காற்றோட்டமாக வைத்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கரியில் வெள்ளையாகப் படியும், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைத் தாராளமாக ஊற்றிக் கழுவிவிடலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் என்று இதற்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில்தான் உப்பு இன்னும் அதிகம்!

வெளிச்சத்துக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி அருமை. மொட்டை மாடி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். இலை கரும்பச்சையாகி, செடி பூக்காமலே இருந்தால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சை சரியான அளவு. வெளிறிக் கருகினால் வெயில் அதிகம்.

உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. காய்ந்த வேரில் ஊற்றாமல் முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பூ உதிர்ந்ததும் பூங்காம்பை மட்டும் வெட்டுங்கள். இலை கொட்டி மொட்டையாக நிற்கும் பழைய தண்டைப் பார்த்துக் கை பரபரக்கும், வெட்டிவிடாதீர்கள். புதுத் தளிருக்கான சாப்பாடு அதில்தான் இருக்கிறது, சில சமயம் அதிலேயே மறுபடி பூக்கும். அதன் கணுவில் குட்டிச் செடி முளைத்தால், வேர் 2 அங்குலம் வரும்வரை பொறுத்து, சுத்தமான கத்தியால் பிரித்து அதே கரிக்கலவையில் தனியாக நடலாம்.