கார் ஓட்டக் கற்றுத்தருபவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நன்றாக ஓட்டத் தெரிந்தவர் எல்லோருக்கும் நன்றாகக் கற்றுத்தரத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். எப்போது சொல்லித்தர வேண்டும், எப்போது பேசாமல் இருந்து உங்களையே யோசிக்கவிட வேண்டும் என்று அறிந்தவர்தான் நல்ல பயிற்றுநர். அவரைக் கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில், கற்கப்போவது கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா என்று முடிவு செய்யுங்கள். சில நாடுகளில், ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்து வாங்கிய உரிமத்தைக் கொண்டு கியர் வண்டி ஓட்ட முடியாது.

அடுத்து, அண்மையில் கற்றவர்களிடம் விசாரியுங்கள். "எத்தனை நாளில் உரிமம் கிடைத்தது?" என்று கேட்பதைவிட, "இப்போது தனியாக ஓட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். உரிமம் வாங்கியும் வண்டியைத் தொட அஞ்சுபவர்கள் ஏராளம்.

பிறகு வண்டியைப் பாருங்கள். பயிற்றுநரின் காலடியிலும் பிரேக் இருக்க வேண்டும். கியர் வண்டியானால் கிளட்சும் வேண்டும். கற்பவர் ஓட்டும்போது காப்பீடு செல்லுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். முழுக் கட்டணத்தையும் கட்டும் முன் ஒரே ஒரு வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். கிளம்பும் முன் இருக்கை, கண்ணாடி, பெல்ட் மூன்றையும் சரிசெய்யச் சொல்கிறாரா? எஞ்சின் அணைந்துபோனால் சலித்துக்கொள்கிறாரா, கிளட்சை வேகமாக விட்டதுதான் காரணம் என்று விளக்குகிறாரா? திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்கிறாரா, திருப்பத்துக்கு வந்தபின் கத்துகிறாரா? எல்லாவற்றையும்விட அவர் காலைக் கவனியுங்கள். சிலர் சொல்லாமலே தங்கள் பக்கத்துப் பிரேக்கையும் கிளட்சையும் மிதித்துக்கொண்டே வருவார்கள். வண்டி அழகாகப் போகும். நீங்கள் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வீர்கள். தனியாக ஓட்டும் நாளில் அது பெரும் ஆபத்து. மிதித்தால் மிதித்தேன் என்றும், ஏன் மிதித்தேன் என்றும் சொல்பவரே வேண்டும். பாடம் நடக்கும்போது கைப்பேசியில் மூழ்குபவரை அன்றே விட்டுவிடுங்கள்.

வகுப்பு முடிந்ததும், தேர்வு நடக்கும் பாதையை மட்டும்தான் பழக்குவாரா என்று கேளுங்கள். இரவு, மழை, மேட்டில் நின்று கிளம்புதல், நெரிசல் ஆகியவற்றையும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே பழகிவிடுவது நல்லது.

கடைசியாகக் கட்டணம். ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், ஒவ்வொரு முறையும் அதே பயிற்றுநர்தான் வருவாரா, பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.