ஐசியூவில் செவிலியரும் குடும்பமும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வென்டிலேட்டர் ட்யூப் குரல்நாண்களுக்கு நடுவே இறங்குகிறது. அதனால் அது போட்டிருக்கும் வரை நோயாளிக்குக் குரல் வராது, நினைவு தெளிவாக இருந்தாலும் வராது. வலிக்கிறது என்றோ, கொஞ்சம் திருப்பிப் படுக்க வையுங்கள் என்றோ, தினமும் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்றோ அவரால் சொல்ல முடியாது. அவருக்காக வீட்டார் சொல்ல வேண்டும், செவிலியர் கேட்க வேண்டும். ஐசியூ செவிலியராக நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று நடக்காமல் போவதால் வருபவை.

முதலில் குடிப்பழக்கத்தை மறைப்பது. விபத்தோ நிமோனியாவோ, எதற்காகச் சேர்த்தாலும் "குடிப்பாரா?" என்று கேட்டால், "எப்பவாவது விசேஷத்துக்குத்தான் சிஸ்டர்" என்றுதான் பதில் வருகிறது. தினமும் குடித்தவருக்கு அது திடீரென்று நின்றுபோனால், 2, 3 நாட்களில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இதயம் படபடக்கும், காய்ச்சலும் வரலாம். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். சிலருக்கு அதற்கு முன்பே வலிப்பு வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டு, பெரும்பாலும் கட்டுக்குள் வைக்க முடியும். தெரியாதபோது மூளைக் காய்ச்சலா, தலையில் ரத்தக்கசிவா என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

இதில் குடும்பத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மாமனார், மைத்துனர், ஊர்க்காரர் என்று நாலு பேர் சுற்றி நிற்கும்போது ஒரு மனைவியிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? தனியாக அழைத்துப் போய், "அம்மா, மருந்து சரியாகக் கொடுக்கத்தான் கேட்கிறோம், கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து, ஒவ்வாமை எல்லாவற்றையும் அதே நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் அட்டை பேசும்.

அடுத்தது, மயக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது. மயக்க மருந்தின் ஆழம் ஒரே நாளில் ஏறும், இறங்கும். தேறி வந்தவர்களில் சிலர், கட்டிலருகே யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்வதுண்டு. "இந்த பெட் தேறாது" என்று கட்டில் மேல் குனிந்தபடி, ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியருக்கு ஹேண்ட் ஓவர் கொடுப்பதும், பில் தொகையைப் பற்றி அங்கேயே சண்டை போடுவதும் கூடாது. தொடுவதற்கு முன், "ஐயா, இப்போ சளி உறிஞ்சப் போறேன், கொஞ்சம் இருமல் வரும்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். இதற்கு ஐந்து விநாடி போதும்.

வலியும் அப்படித்தான். நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறவில்லை என்பதால் வலி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பேச முடியாதவர்களுக்கென்றே சிபிஓடி என்ற அளவுகோல் இருக்கிறது. முகச்சுளிப்பு, உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு முரண்டுவது என்று நான்கையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டுக் கூட்ட வேண்டும். மொத்தம் 8. இதைப் படுத்திருக்கும்போது மட்டும் போட்டால் போதாது. திருப்பிப் போடும்போதும் கட்டு மாற்றும்போதும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

என்னை அதிகம் உறுத்துவது, கையைக் கட்டிவிட்டு அதோடு விட்டுவிடுவது. வயதானவர் ராத்திரி இரண்டு மணிக்கு மாஸ்கைப் பிடுங்குகிறார், எழுந்து போகப் பார்க்கிறார், "பஸ் போயிடும்" என்கிறார். ஐசியூவில் அடிக்கடி வரும் மனக்குழப்பம் இது, டெலிரியம் என்பார்கள். கட்டினால் மாஸ்க் அப்போதைக்குத் தப்பலாம், ஆனால் குழப்பம் கூடத்தான் செய்யும். அவர் மூக்குக்கண்ணாடி எங்கே? பெரும்பாலும் மகனின் சட்டைப் பையிலோ வீட்டு அலமாரியிலோ இருக்கும். காது மெஷினும் அங்கேதான். பார்வை மங்கி, காது அடைத்து, பகல் எது இரவு எது என்று தெரியாத இடத்தில் முகமூடி போட்டவர்கள் கையைப் பிடித்து இழுத்தால் யார்தான் போராட மாட்டார்கள்?

கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுவரச் சொல்லி மாட்டிவிடுங்கள். கட்டிலிலிருந்து தெரியும்படி ஒரு கடிகாரம் வையுங்கள். இரவில் விளக்கைக் குறையுங்கள், மானிட்டர் அலாரத்தின் எல்லைகளை அந்த நோயாளிக்கேற்ப மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலச்சிக்கலா, ஆக்சிஜன் குறைகிறதா, காய்ச்சலா என்று தேடுங்கள். மகளோ மனைவியோ வந்து கையைப் பிடித்துப் பேசினால் அடங்குபவர்கள் நிறைய. விசிட்டிங் டைம் முடிந்துவிட்டது என்று அவர்களை அனுப்பிவிட்டு மருந்து ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சத்தமே போடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். "நல்லா ஒத்துழைக்கிறார்" என்று அவரைக் கடந்து போய்விடுகிறோம். பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் என் கையை அழுத்துங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கவனம் நிற்காதவர் தவறான இடத்தில் அழுத்துவார், அல்லது அழுத்தவே மாட்டார். அப்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி வீட்டாருக்கு. செவிலியர் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் வாயில் இரண்டு சொட்டுத் தீர்த்தமோ இளநீரோ விடாதீர்கள். விழுங்கும் திறன் இல்லாதவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கலாம். விபூதி வைக்கலாம், ஜெபிக்கலாம், காதருகே ஓதலாம். தண்ணீர் தொட்டு உதட்டை நனைக்க ஆசையா, கேளுங்கள், ஈரப் பஞ்சு கொடுத்து எப்படி என்று காட்டுவோம். செவிலியர்களுக்கும் ஒன்று: அந்த நேரத்தில் அவர்களிடம் கத்தாதீர்கள். அன்பில் செய்கிறார்கள், காரணம் சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

ட்யூப் வழியாகச் சாப்பாடு கொடுக்கையில் நம் பக்கமும் தவறு நடக்கிறது. உடம்பு துடைக்கத் தட்டையாக இறக்கிய கட்டில் அப்படியே கிடக்கும், ஃபீட் ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். மூக்கு வழி ட்யூப் போட்டதும் காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை மட்டும் நம்பக் கூடாது, ட்யூப் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். எக்ஸ்ரே பார்த்த பிறகே ஃபீட். மூக்கருகே ட்யூபில் எத்தனையாவது சென்டிமீட்டர் குறி இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள்.

படுக்கைப்புண் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறோம், சரி. குதிகாலையும் பின்னந்தலையையும் மாஸ்க் அழுத்தும் மூக்குத்தண்டையும் யார் பார்க்கிறார்கள்? மயக்கத்தில் அரைக்கண் திறந்திருப்பவரின் கருவிழி காய்ந்து புண்ணாகும், அதையும் பாருங்கள்.

வெளியே காத்திருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை நான்சி மோல்டர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1979-லேயே ஆராய்ந்து எழுதினார். நம்பிக்கை இருக்கிறது என்று உணர வேண்டும், கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும், இவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இவர் மேல் அக்கறை இருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்றும் நம் ஐசியூ வாசல்களில் கேட்பது அதைத்தான். நாம் சொல்வதோ "டாக்டர்கிட்ட கேளுங்க". தேறுவாரா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ராத்திரி தூங்கினாரா, காய்ச்சல் குறைந்ததா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்பதை நாம் சொல்லலாம். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மறுநாள் நிலைமை மோசமானால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

குடும்பத்தில் விவரம் கேட்க ஒருவரை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அதற்காக, "அம்மா தாங்க மாட்டாங்க" என்று மனைவியிடமே மறைக்க வேண்டாம். கடைசி நாளில் திடீரென்று கேட்பதுதான் அவரால் தாங்க முடியாதது.

தொண்டையில் துளை போட வேண்டும் என்றதும் "அவ்வளவுதானா?" என்று அழுகிறார்கள். வென்டிலேட்டர் நீண்ட நாள் தேவைப்படுபவருக்கு, ட்ரக்கியாஸ்டமி போட்டால் வாய் விடுபடுகிறது, மயக்க மருந்தைக் குறைக்கலாம். தேவை தீர்ந்து குழாயை எடுத்ததும் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

தேறாத நிலை வந்தால், கருவிகளை விலக்கிக்கொள்ள சட்டத்தில் வழி உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை ஏற்று, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. நம் ஊரில் பலர் மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறார்கள். அந்த ஆசையில் தவறே இல்லை. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து எழுதித் தராமல், கூட ஒரு பயிற்சி பெற்றவர் இல்லாமல், மகன் கையில் ஆம்பு பேகை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கொடுத்து ஆம்புலன்ஸ் ஏற்றி அனுப்புவது தவறு. வழியில் என்ன நடக்கலாம், ட்யூபை யார், எப்போது எடுப்பார்கள் என்பதை உட்காரவைத்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.

தேறி வார்டுக்குப் போகிறவர்களையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. தசை பலமின்மை, மறதி, கெட்ட கனவு, எரிச்சல் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம், பார்த்துக்கொள்கிற மனைவிக்கும் மகளுக்கும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வரலாம் என்று முன்பே சொல்லுங்கள். வீட்டார் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை: விழுங்கும் திறனைப் பரிசோதித்துவிட்டார்களா, பழைய மாத்திரைகளில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், பிசியோதெரபி எத்தனை நாள், மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது. பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.