சேர்ந்து வரையுங்கள், திருத்தாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆஸ்பத்திரியில் தங்கி மனநலச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளோடு படம் வரையப் போகிற ஓவிய ஆசிரியர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நல்ல மனசுக்குக் குறைவில்லை. சிக்கலே அதில்தான். சார்ட்டில் மாமரத்தை முன்பே வரைந்து கொண்டுபோய், "கலர் மட்டும் அடிங்க கண்ணு" என்பார்கள். அப்புறம் அந்தப் படத்தில் குழந்தைக்கு என்ன பங்கு? இன்னும் மோசம், குழந்தை போட்ட கோணல் கோட்டை நேராக்கிவிடுவது. சாப்பாடு, மாத்திரை, தூக்கம் எல்லாமே அடுத்தவர் சொல்லும் நேரப்படி நடக்கும் இடம் அது. தாளிலாவது குழந்தையின் இஷ்டம் நடக்கட்டும்.

ஆரம்பிக்கத் தெரியவில்லையா? இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் வின்னிகாட் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிறுக்கல் போடுவார். குழந்தை அதை ஏதாவது உருவமாக்கும். அடுத்து குழந்தை கிறுக்கும், அவர் உருவமாக்குவார். சார்ட்டைச் சுற்றி உட்கார்ந்து இதையே செய்யலாம். வரைய மாட்டேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தையை விட்டுவிடுங்கள்.

வின்னிகாட் அந்தக் கோடுகளிலிருந்து குழந்தையின் மனதைப் புரிந்துகொள்ளப் பார்த்தார். அது அவர் தொழில், நமக்கு வேண்டாம். கறுப்பு அடித்தால் சோகம் என்று ஜோசியம் சொல்லாதீர்கள், கைக்கு எட்டிய கிரேயான் அதுவாக இருந்திருக்கும். ஆனால் வரையும்போது "சாகணும்" என்றோ, யாரோ அடிப்பதாகவோ சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் உடனே நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

பொருள்களில் ஷார்ப்னரை யாரும் யோசிப்பதில்லை. அதற்குள் இருப்பது பிளேடு. ஸ்டேப்ளர், ஸ்பைரல் நோட்டின் கம்பி, பெயின்ட் தின்னர் இவையும் வேண்டாம். கொண்டுபோனதை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது தீராத வியாதி. பென்னாகரம் பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் இருப்பார். குழந்தையின் முகமோ பெயரோ ஊருக்குள் போனால் பள்ளிக்கூடம் வரை பேச்சு நிற்காது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், ஒப்புதல் இல்லாமல் படம் ஊடகத்துக்குப் போகக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

முடிந்த படம் யாருக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் அன்றைக்கு அழுகைதான். ஒரே பெரிய சார்ட்டுக்குப் பதில் ஏ4 தாள்களைப் பின்பக்கம் டேப் ஒட்டி இணைத்தால், கிளம்பும் குழந்தை தன் தாளைப் பிரித்து எடுத்துப் போகலாம்.